மாணவர்கள் வரையும் வாழ்த்து அட்டைகளை விற்றுக் கல்விச் சுற்றுலாவுக்குப் பணம் திரட்டலாமா?

பயணப்பொறுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் எட்டாம் வகுப்பு ஆசிரியை. மூன்று பிரிவுகளிலும் சேர்த்து 90 மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஓர் இரவு தங்கும்படியாக ஓர் அறிவியல் அருங்காட்சியகத்துக்கும் வானாய்வுக் கூடத்துக்கும் அழைத்துச் செல்ல நிர்வாகம் ஒப்புதல் தந்துவிட்டது. ஆனால் பேருந்து, நுழைவுக் கட்டணம், தங்குமிடம் ஆகிய செலவு முழுவதும் பெற்றோரிடமிருந்துதான் வர வேண்டும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு அது தாங்க முடியாத தொகை. சென்ற முறை "எங்கள் மகனுக்குப் பேருந்தில் ஏறினாலே வாந்தி வரும்" என்று எழுதி அனுப்பிய வீடுகளில், எத்தனை வீடுகள் உண்மையில் வாந்திக்கு அஞ்சின, எத்தனை வீடுகள் கட்டணத்துக்கு அஞ்சின என்பதை ஊகிக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

ஆகவே, ஆண்டு இறுதி விடுமுறைக் காலத்துக்கு மாணவர்களே வாழ்த்து அட்டைகளை வரைந்து விற்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். கையில் நான்கு மாதங்கள் உள்ளன. என் திட்டம் இதுதான்: ஒவ்வொரு மாணவருக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அட்டைகளைத் தருவோம், அவர் விற்றுக் கொண்டுவரும் இலாபம் அவருடைய சுற்றுலாக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளப்படும், மிகுதியாக விற்பவருக்கு ஒரு பரிசும் உண்டு. அட்டைகளைக் கையாலேயே செய்வதா, அச்சிடுவதா? எத்தனை அச்சிடுவது? இந்த ஏற்பாட்டில் நான் காணாத ஓட்டை ஏதேனும் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய அச்சகத்தார் எழுதியது:

அம்மா, முப்பது ஆண்டுகள் அச்சகம் நடத்தியவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் விடை தருகிறேன்; மற்றவற்றைப் பிறர் பார்த்துக்கொள்வார்கள்.

கையால் செய்த அட்டைக்கு நிகரான அழகு அச்சுக்கு வராது. ஆயினும் ஒரு மாணவர் ஒரே படத்தை மூன்றாவது முறை வரையும்போதே சலித்துவிடுவார். பத்தாவது அட்டையில் அந்தச் சலிப்பு வாங்குபவரின் கண்ணுக்கும் தெரியும். ஓர் அசல் படத்தை வரையச் செய்து, அதை ஸ்கேன் செய்து அச்சிடுவதே நடைமுறைக்கு ஏற்றது.

ஏ5 தாளை (148 × 210 மி.மீ.) நடுவில் மடித்தால் ஏ6 அளவில் (105 × 148 மி.மீ.) ஓர் அட்டை கிடைக்கும். அதற்கான உறை சி6. அதன் அளவு 114 × 162 மி.மீ. புதுமையாக இருக்கட்டும் என்று சதுர அட்டையோ நீள அட்டையோ செய்தால், உறைக்காக அலைய வேண்டியிருக்கும். சில இடங்களில் சதுர உறைக்கு அஞ்சல் கட்டணமும் கூடுதலாகும். தாளின் கனம் 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை இருக்கட்டும். நாம் நாள்தோறும் பயன்படுத்தும் நகல் தாள் 80 ஜிஎஸ்எம்தான் என்பதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். இருபுறமும் பளபளப்பான தாளை மட்டும் வாங்கிவிடாதீர்கள். உள்பக்கத்தில் பேனாவால் எழுதினால் மை காயாமல் ஈஷிக்கொள்ளும். வாழ்த்து எழுத முடியாத வாழ்த்து அட்டையால் என்ன பயன்?

சில நூறு முதல் ஓரிரண்டாயிரம் வரை என்றால் டிஜிட்டல் அச்சே போதும். தகடு வைத்து அச்சிடும் ஆஃப்செட் முறையில் ஒவ்வொரு படத்துக்கும் நான்கு வண்ணத்துக்கு நான்கு தகடுகள் செய்ய வேண்டும். பல படங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அச்சிடும்போது தகட்டுச் செலவே ஆளை விழுங்கிவிடும். டிஜிட்டல் அச்சில் வழக்கமாகப் பயன்படும் எஸ்ஆர்ஏ3 தாளில் (320 × 450 மி.மீ.) வெட்டுவதற்கான ஓரத்தோடு நான்கு அட்டைகள் சரியாக அமையும். எனவே உங்கள் படங்களின் எண்ணிக்கை நான்கு, எட்டு, பன்னிரண்டு என்று இருக்கட்டும். எட்டு அட்டைகள் கொண்ட ஒரு கட்டு என்றால் மிகச் சரியாக இரண்டு தாள். ஒரு துண்டுகூட வீணாகாது.

மடிக்கும் முன் க்ரீசிங், அதாவது மடிப்புக் கோட்டில் அழுத்திய தடம், போடச் சொல்லுங்கள். தடித்த அட்டையை வெறும் கையால் மடித்தால் மடிப்பில் வண்ணம் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். மடிப்பு, தாளின் இழை ஓடும் திசையிலேயே அமைய வேண்டும். இதை அச்சகத்தில் ஒரு முறை கேட்டுவிட்டால் போதும். கேட்டவரை அவர்கள் ஏமாற்ற மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. அட்டையில் ஆண்டு எண்ணை அச்சிடாதீர்கள். முடிந்தால் எந்த நாளுக்கான வாழ்த்து என்பதையும் அச்சிடாமல் உள்ளே வெற்றாக விடுங்கள். தேதி போட்ட அட்டை அந்தத் தேதிக்கு மறுநாள் பழைய காகிதம். வெற்று அட்டை ஓராண்டு கழித்தும் அட்டைதான்.

பேரேடு எழுதியது:

அச்சகத்தார் ஐயா சொன்ன எட்டு அட்டைக் கட்டை வைத்தே கணக்குப் போடுகிறேன். பணத்தின் பெயர் வேண்டாம்; பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டின் விற்பனை விலை 10 பங்கு. அச்சு, உறை, மேலுறை எல்லாம் சேர்த்து ஒரு கட்டுக்கு 4 பங்கு. ஸ்கேன் செய்வது, படங்களை ஒழுங்குபடுத்துவது, மாதிரி அச்சு, வரைபொருள்கள் என எத்தனை கட்டு அச்சிட்டாலும் மாறாத செலவு 300 பங்கு. சுற்றுலாவுக்குக் குறைகிற தொகை 1800 பங்கு என்க.

ஒரு கட்டில் மிஞ்சுவது 6. முதல் 50 கட்டுகள் மாறாச் செலவை ஈடுகட்டவே போய்விடும். அதன் பிறகு 300 கட்டுகள் விற்றால்தான் 1800 சேரும். ஆக மொத்தம் 350 கட்டுகள், அதாவது 2800 அட்டைகள். தொண்ணூறு குடும்பங்களுக்குப் பகிர்ந்தால் வீட்டுக்கு ஏறத்தாழ நான்கு கட்டுகள் ஆகின்றன. இது முடியாத காரியம் அன்று. எளிய காரியமும் அன்று.

இனிதான் பலரும் தடுக்கி விழும் இடம் வருகிறது. 350 கட்டுகளையும் முதலிலேயே அச்சிட்டுவிட்டு, ஐந்தில் ஒரு பங்கு விற்காமல் நின்றுவிட்டது என்று வையுங்கள். விற்றவை 280; வரவு 2800; செலவு 1400 + 300 = 1700; மிஞ்சுவது 1100. விற்பனை ஐந்தில் ஒன்றுதான் குறைந்தது. இலாபமோ 1800இலிருந்து 1100க்கு, ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. விற்காத கட்டின் அச்சுக் கூலியையும் விற்ற கட்டே சுமப்பதுதான் காரணம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதைத்தான்.

எனவே முன்பதிவு வாங்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். மாதிரி அட்டை ஒன்றைக் காட்டி, பணத்தையும் பெற்றுக்கொண்டு, வந்த எண்ணிக்கைக்கு மேல் இருபதில் ஒரு பங்கு மட்டும் கூட்டி அச்சிடுங்கள்.

ஐயப்பாடு எழுதியது:

எனக்கு அடிப்படையிலேயே ஐயம். கைப்பேசியில் ஒரே தொடுகையில் நூறு பேருக்கு வாழ்த்து அனுப்பும் காலத்தில் காகித அட்டையை யார் வாங்கி, யார் உறையில் இட்டு, யார் அஞ்சலில் சேர்க்கிறார்கள்? பேரேடு நண்பர் காட்டிய கணக்கின்படி வாங்குபவர் தரும் 10இல் 4 தாளுக்கும் மைக்கும் போகிறது. அதைவிடப் பெற்றோரிடமும் முன்னாள் மாணவர்களிடமும் நேரடியாக நன்கொடை கேட்டால் பத்தும் பிள்ளைகளுக்கே வந்து சேருமே? ஆசிரியர்கள் மாலை நேரங்களில் செய்யும் வேலைக்குக் கூலி போட்டுப் பார்த்தால் உழுகிறவன் கணக்குப் பார்த்த கதையாகத்தான் முடியும்.

ஓவிய வகுப்பு எழுதியது:

ஐயப்பாடு அவர்களே, உங்கள் ஐயம் நியாயமானதே. ஆனால் வாழ்த்து அட்டை என்பதே நேரமில்லாத ஒரு மனிதரின் கண்டுபிடிப்பு என்பதை நினைவில் கொள்ளுங்கள். பிரிட்டனில் 1840இல் ஒரே சீரான ஒரு பென்னி அஞ்சல் வந்தபின் கடிதங்கள் குவிந்தன. அந்த அஞ்சல் சீர்திருத்தத்தில் பங்கேற்ற ஹென்றி கோல் என்பவர், வந்த வாழ்த்துகளுக்கெல்லாம் தனித்தனியே பதில் எழுத முடியாமல், 1843இல் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஓர் அட்டையை வரையச் செய்து அச்சிட்டார். மிகுந்தவற்றை ஓர் அட்டை ஒரு ஷில்லிங் என்று விற்பனைக்கும் விட்டார். கிறிஸ்துமஸ் அட்டையின் வணிக வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. இன்று அதே வேலையைக் கைப்பேசி இன்னும் விரைவாகச் செய்கிறது. ஆகவே காகித அட்டையிடம் விரைவை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. ஒரு பிள்ளையின் கை பட்ட ஒன்று வீட்டின் அலமாரியில் சில வாரங்கள் நிற்கும் என்பதற்காகவே அது வாங்கப்படுகிறது.

பிள்ளை வரைந்த அட்டை பெரும் நிதியைத் திரட்டிய முன்னுதாரணமும் உண்டு. யுனிசெஃப் வெளியிட்ட முதல் வாழ்த்து அட்டை, செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு சிற்றூரைச் சேர்ந்த யிட்கா சாம்கோவா என்ற ஏழு வயதுச் சிறுமி தீட்டியது. போருக்குப் பின் தன் ஊருக்குக் கிடைத்த உதவிக்கு நன்றி சொல்ல அவள் கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் தீட்டிய அந்தப் படத்தில், கம்பத்தைச் சுற்றிப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். 1949இல் அது அட்டையாயிற்று. பிறகு பல பத்தாண்டுகள் அந்நிறுவனத்தின் வருவாயில் வாழ்த்து அட்டைகளுக்கு ஓர் இடம் இருந்தது. அந்தச் சிறுமி விற்பதற்காக வரையவில்லை, நன்றி சொல்வதற்காக வரைந்தாள் என்பதைப் பொறுப்பாசிரியை சற்றே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வகுப்பில் "விற்பனைக்குரிய படம் வரையுங்கள்" என்று சொன்னால், பார்த்துச் சலித்த பலூனும் பூங்கொத்தும்தான் வரும். "தொலைவில் இருக்கும் ஒருவருக்கு உன் சன்னலிலிருந்து தெரிவதைக் காட்டு" என்று சொல்லிப் பாருங்கள்.

இரண்டு பிள்ளைகளின் தாய் எழுதியது:

தாளும் மையும் இருக்கட்டும். "அவர் விற்றுக் கொண்டுவரும் இலாபம் அவருடைய கட்டணத்தில் கழித்துக்கொள்ளப்படும்" என்ற வரியில் எனக்குப் பெரும் தயக்கம் இருக்கிறது.

நான் படித்த பள்ளியில் இதே போன்று ஒரு விற்பனை நடந்தது. என்னிடம் இருபது அட்டைகள் தரப்பட்டன. என் தோழியின் தந்தை பெரிய அலுவலகம் ஒன்றில் மேலாளர். அவர் ஒரு காலைப் பொழுதில் தம் மேசை மேல் அட்டைகளை வைத்தார், மாலைக்குள் அறுபது விற்றுவிட்டன. என் வீட்டைச் சுற்றி இருந்தவர்கள் எங்களைப் போன்றவர்களே. அவர்கள் பிள்ளைகளிடமும் ஆளுக்கு இருபது அட்டைகள் இருந்தன. நான் விற்றவை மூன்று. அவற்றில் இரண்டை வாங்கியவர் என் தாயார். மீதிப் பதினேழையும் ஆசிரியரின் மேசையில் திருப்பி வைத்தபோது வகுப்பில் எழுந்த அமைதியும், சுவரில் ஒட்டிய தாளில் என் பெயருக்கு நேரே எழுதிய எண்ணும் இன்றும் நினைவில் இருக்கின்றன. தோழி மீது எனக்குக் கோபமில்லை. அவளும் ஓர் அட்டையைக்கூடத் தானாக விற்கவில்லையே.

அம்மா, கட்டணம் கட்ட முடியாத அந்த ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்காகத்தான் இந்த விற்பனை. வாங்கும் வசதி படைத்த உறவினர்களும் அறிமுகங்களும் மிகக் குறைவாக இருப்பது அவர்களுக்கே. உங்கள் ஏற்பாட்டில், யாருக்கு உதவி தேவையில்லையோ அவர் கட்டணம் முழுதும் கழிந்துபோகும். யாருக்குத் தேவையோ அவர் அட்டைகளும் கையில் நிற்கும், கட்டணமும் அப்படியே நிற்கும்.

பயணப்பொறுப்பு எழுதியது:

அம்மா, உங்கள் பதிவைப் படித்தபின் என்னால் உடனே பதில் எழுத முடியவில்லை. நான் நினைத்தது வேறு. இலவசமாகக் கொடுத்தால் பிள்ளைகள் கூசுவார்கள், தாமே ஈட்டியது என்றால் தலைநிமிர்ந்து வருவார்கள் என்றே எண்ணினேன். எல்லாவற்றையும் பொது நிதியில் சேர்த்தால், "யாரோ விற்கட்டும், நமக்கு எப்படியும் பங்கு உண்டு" என்று சிலர் கைகட்டி இருந்துவிட மாட்டார்களா என்ற கவலையும் இருக்கிறது. பரிசு வைப்பதாவது சரியா? அதையும் விட்டுவிட வேண்டுமா?

கற்றல் ஆய்வு எழுதியது:

பரிசைப் பற்றி இரண்டு ஆய்வுகளை நினைவூட்டுகிறேன். இரண்டும் உங்கள் திட்டத்தின் இரண்டு பாதிகளைத் தொடுகின்றன.

முதலாவது வரைவதைப் பற்றியது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒரு குழுவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து வண்ணப் பேனாக்களை வெறுமனே வைத்தபோது, முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களைவிட மிகக் குறைந்த நேரமே அவற்றைத் தொட்டார்கள்.

இரண்டாவது பணம் திரட்டுவதைப் பற்றியது. நீசியும் ருஸ்டிக்கினியும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இஸ்ரேலில் வீடு வீடாகச் சென்று நன்கொடை திரட்டிய உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஒரு குழுவுக்குத் திரட்டியதில் 1 விழுக்காடும் இன்னொரு குழுவுக்கு 10 விழுக்காடும் தருவதாகச் சொல்லப்பட்டது. மூன்றாவது குழுவுக்கு ஊதியம் இல்லை. மிகுதியாகத் திரட்டியது ஊதியமே பெறாத குழு. மிகக் குறைவாகத் திரட்டியது 1 விழுக்காட்டுக் குழு.

ஓர் ஆய்வை அப்படியே இன்னொரு பள்ளிக்குப் பொருத்திவிட முடியாது என்பது உண்மைதான். ஆயினும் "பரிசு இல்லாவிட்டால் பிள்ளைகள் கைகட்டி இருப்பார்கள்" என்ற அச்சத்துக்கு இந்த இரண்டிலும் ஆதரவு இல்லை. "நம் வகுப்பு முழுவதும் போக வேண்டும்" என்று சொன்னால் அது ஒரு பொதுக் காரியம். "ஒரு கட்டுக்கு உனக்கு இவ்வளவு கழிவு" என்று சொன்ன மறுகணம் அது தரகு வேலை. பிள்ளைகள் அந்த வேறுபாட்டை நம்மைவிட விரைவாக உணர்வார்கள்.

பேரேடு எழுதியது:

தாயார் அவர்களின் பதிவுக்குப் பிறகு என் கணக்கை மறுபடியும் பார்த்தேன். பொது நிதி என்றால் கணக்கு எளிதாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தனித்தனிக் கழிவு என்றால் 90 பேருக்கு 90 பக்கம். யார் எத்தனை வாங்கினார், எத்தனை திருப்பினார், எவ்வளவு செலுத்தினார் என்று எழுதியே பேனா தேய்ந்துவிடும். பொது நிதி என்றால் ஒரே பக்கம் போதும். விற்றவற்றின் எண்ணிக்கை, மீதி, கையிருப்பு ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும், அவ்வளவே.

பணத்தைக் கையாள்வதில் சில ஏற்பாடுகளை முதல் நாளே செய்துவிடுங்கள். பணத்தை எண்ணும்போது இருவர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் பெற்றோராக இருத்தல் நலம். எண்ணிய தொகையை இருவரும் கையொப்பமிட்டு அன்றே பள்ளிக் கணக்கில் செலுத்திவிட வேண்டும். ஆசிரியரின் கைப்பையில் ஓர் இரவுகூடத் தங்கக் கூடாது. இதில் உங்கள் மீது ஐயம் என்று பொருளில்லை. நாளை யாராவது ஒரு சொல் சொன்னால் உங்களுக்குக் காப்பாக நிற்பது அந்த இரண்டாவது கையொப்பமே.

முன்பதிவுத் தாளிலேயே இரண்டு வாக்கியங்களை எழுதுங்கள். சுற்றுலா நடக்காமல் போனால் இந்தப் பணம் என்னவாகும்? தேவைக்கு மேல் சேர்ந்தால் மிச்சம் எங்கே போகும்? பணம் வந்தபின் இவற்றைப் பேசினால் ஆளுக்கொரு கருத்து இருக்கும். பணம் வருமுன் பேசினால் யாருக்கும் மறுப்பு இராது.

ஐயப்பாடு எழுதியது:

நேரடி நன்கொடை பற்றி நான் கேட்டதற்கு இன்னும் விடை வரவில்லை.

இரண்டு பிள்ளைகளின் தாய் எழுதியது:

ஐயா, என் விடை இது. நன்கொடைத் தாள் வீட்டுக்கு வரும்போது, தர இயலாத வீட்டில் அது ஒரு கடன் சீட்டு போல மேசையில் கிடக்கும். அட்டை விற்பனையில் தர இயலாத வீட்டுப் பிள்ளைக்கும் செய்ய ஏதோ ஒன்று இருக்கிறது: வரையலாம், மடிக்கலாம், உறையில் இடலாம், எண்ணிக் கட்டலாம். தாளுக்கும் மைக்கும் போகும் அந்த 4 பங்கு வீண் என்று நீங்கள் கருதுகிறீர்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மேசையைச் சுற்றி நிற்பதற்குக் கொடுக்கும் விலை என்று நான் கருதுகிறேன். விரும்புகிறவர்கள் அட்டை வேண்டாம், பணத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு முன்பதிவுத் தாளில் ஒரு கட்டம் இருக்கட்டும். அதை நான் எதிர்க்கவில்லை.

வீடு வீடாக அனுப்புவதை மட்டும் எதிர்க்கிறேன். தெரியாத கதவைத் தட்டப் பிள்ளையைத் தனியே அனுப்பவே கூடாது. பள்ளி நிகழ்ச்சி நடக்கும் நாளில் ஒரு மேசை போட்டு, பெரியவர் ஒருவர் துணையிருக்க விற்கலாம்.

ஓவிய வகுப்பு எழுதியது:

எட்டு அட்டைகள் என்று அச்சகத்தார் சொன்னதும் எனக்குள் ஓர் உறுத்தல் எழுந்தது. தொண்ணூறு படங்களில் எட்டைத் தேர்ந்தெடுத்தால் 82 பிள்ளைகள் தம் படத்தைக் காணாத அட்டையை விற்கப் போகிறார்கள். தேர்வு பெறும் எட்டும் ஏற்கெனவே "நன்றாக வரையும்" எட்டுப் பேருடையவையாகவே இருக்கும்.

நான் செய்து பார்த்த வழி வேறு. பிள்ளைகளை எட்டுக் குழுக்களாகப் பிரியுங்கள். 90 பேர் என்றால் ஆறு குழுக்களில் 11 பேர், இரண்டு குழுக்களில் 12 பேர். குழுவுக்கு ஒரு காட்சி. ஒருவர் மரம், ஒருவர் பறவை, ஒருவர் மிதிவண்டி, ஒருவர் மேகம் என்று தனித்தனித் தாளில் வரைந்து வெட்டி, பின்புலத்தில் ஒட்ட வேண்டும். எதை எங்கே ஒட்டுவது என்று அவர்கள் தமக்குள் வாதாடுவதைக் கேட்க இனிமையாக இருக்கும், இரைச்சலாகவும் இருக்கும். வரையவே வராது என்று ஒதுங்கும் பிள்ளைகூட ஒரு நட்சத்திரத்தை வெட்டித் தருவான். அட்டை கைக்கு வந்ததும் ஒவ்வொருவரும் முதலில் தேடுவது தம் பறவையைத்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். திரைப்பட, கேலிச்சித்திரப் பாத்திரங்களை வரைய வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நோட்டில் வரைந்து மகிழ்வது வேறு, அச்சிட்டு விற்பது வேறு. அவற்றின் பதிப்புரிமை பிறருடையது. அதே நியாயப்படி, பிள்ளை வரைந்த படத்தின் உரிமை பிள்ளையுடையது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் பதிவு செய்யாமலேயே அது வரைந்தவருக்கு உரியதாகிவிடும். வயது அதற்குத் தடையில்லை. எனவே பெற்றோரிடம் எழுத்துமூலம் இசைவு பெறுங்கள், பிள்ளையிடமும் கேளுங்கள். குழந்தைகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய காரியங்களில் பிள்ளையின் கருத்துக்கும் உரிய மதிப்பைக் கோருகிறது. அட்டையின் பின்புறத்தில் "எட்டாம் வகுப்பு மாணவர்கள்" என்று மட்டும் போட்டால் போதும். முழுப் பெயரும் வகுப்புப் பிரிவும் முன்பின் தெரியாதவர் கைக்குப் போக வேண்டியதில்லை.

பழைய அச்சகத்தார் எழுதியது:

ஒட்டிய படமா? நல்ல யோசனை, ஆனால் ஸ்கேன் செய்யும்போது ஒட்டிய ஓரங்களில் நிழல் விழும். பசையைக் கடைசி ஓரம் வரை தடவி, கனமான புத்தகங்களின் அடியில் ஓர் இரவு வைத்து எடுங்கள். ஏ4 அளவில் செய்துவிட்டு ஏ6க்குச் சுருக்கினால் கோடுகள் இன்னும் நேர்த்தியாகத் தெரியும். சிறிதாக வரைந்து பெரிதாக்குவது மட்டும் கூடாது. இறுதி அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்க வேண்டும். ஏ6க்கு அது 1240 × 1748 புள்ளிகள். சுற்றிலும் 3 மி.மீ. வெட்டு ஓரமும் வேண்டும் என்பதால், முகமோ எழுத்தோ விளிம்பை ஒட்டி இருக்கலாகாது.

மாணவர்களிடம் வண்ணங்களைப் பற்றியும் சொல்லுங்கள். கண்ணைப் பறிக்கும் ஒளிர் பச்சையும் ஒளிர் இளஞ்சிவப்பும் நான்கு வண்ண அச்சில் வரவே வராது, மங்கிப்போய் வரும். பென்சிலில் மெல்ல வரைந்தது காணாமல் போகும். ஜிகினாத் தூள் ஸ்கேனரில் கரும்புள்ளிகளாக விழும், அத்துடன் ஸ்கேனர் கண்ணாடியிலிருந்து அதை எடுக்கவும் முடியாது. (ஒரு பள்ளியின் படங்களை வாங்கி வைத்த ஆண்டு முழுவதும் எங்கள் கடையில் அச்சான திருமண அழைப்பிதழ்களில் அங்கங்கே ஜிகினா மின்னியது.)

மொத்தத்தையும் ஓட்டுவதற்கு முன் ஒரு தாள் மட்டும் மாதிரி அச்சு எடுத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கணினித் திரையில் பார்த்து ஒப்புதல் தந்துவிட்டுப் பிறகு "வானம் ஊதாவாகிவிட்டதே" என்று வந்து நிற்பவர்களைப் பல முறை கண்டிருக்கிறேன்.

காலக் கணக்கையும் பின்னோக்கிப் போடுங்கள். விடுமுறைக்கு நான்கு வாரம் முன்பாவது அட்டை வாங்குபவர் கையில் இருந்தால்தான், அவர் எழுதி அனுப்பி, அது போய்ச் சேரும். அச்சுக்கும் மடிப்புக்கும் இரண்டு வாரம், முன்பதிவுக்கு மூன்று வாரம், வரைவதற்கும் ஒட்டுவதற்கும் நான்கு வாரம். உங்களுடைய நான்கு மாதத்தில் மூன்று மாதம் இப்போதே முடிந்துவிட்டது, அம்மா.

பயணப்பொறுப்பு எழுதியது:

ஏழு வாரங்களுக்குப் பிறகு மீண்டும் வருகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள், முன்பதிவு நேற்றுத்தான் முடிந்தது.

தனிக் கழிவையும் பரிசையும் கைவிட்டுவிட்டோம். எல்லாம் பொது நிதி; அதிலிருந்து 90 பேரின் கட்டணமும் சமமாகக் குறையும், அதற்கும் மேல் உதவி தேவைப்படும் குடும்பங்கள் தலைமை ஆசிரியரிடம் மட்டும் சொன்னால் போதும். எட்டுக் குழுக்களும் வரைந்து முடித்தன. ஒரு மாணவி தன் படத்தை அட்டையில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டேன், "அது என் பாட்டிக்காக வரைந்தது" என்றாள். படத்தை அவளிடமே கொடுத்துவிட்டோம். அவள் கட்டு கட்டும் வேலையை ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.

முன்பதிவு 240 கட்டுகள் வந்துள்ளன. 350 எட்டவில்லை. பேரேடு ஐயா சொன்னபடி சிறிது கூட்டி 252 அச்சிடக் கொடுக்கிறோம். அட்டை வேண்டாம் என்ற கட்டத்தில் குறியிட்டுப் பணம் மட்டும் தந்தவர்கள் சிலரும் இருக்கிறார்கள். அத்தொகை நான் எதிர்பார்த்ததைவிட மிகுதி. ஐயப்பாடு அவர்களுக்கு என் நன்றி. இரண்டையும் கூட்டினாலும் இன்னும் பற்றாக்குறை இருக்கிறது. தங்குமிடத்தை மாற்றிச் செலவைக் குறைப்பதா, இரவுத் தங்கலையே விட்டு ஒரே நாளில் திரும்புவதா என்று பெற்றோர் கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். ஒரே நாள் என்றால் வானாய்வுக் கூடத்தைப் பகலில்தான் பார்க்க முடியும் என்பது மாணவர்களுக்கு இப்போதே தெரிந்து, முறையிடத் தொடங்கிவிட்டார்கள்.

பேரேடு எழுதியது:

252 கட்டுகளுக்கு அச்சுச் செலவு 1008, மாறாச் செலவு 300, ஆக 1308. முன்பதிவு வரவு 2400. நிகரம் 1092. கூடுதலாக அச்சிடும் 12 கட்டுகளும் மேசையில் விற்றால் இன்னும் 120. என் பங்குக் கணக்கில் உங்கள் தேவை 1800 என்பது ஊகமே. உண்மை எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். ஸ்கேன் செய்யும் வேலையைப் பெற்றோர் யாரேனும் கூலியின்றிச் செய்துதந்தால் அந்த 300 இன்னும் இறங்கும்.

பழைய அச்சகத்தார் எழுதியது:

ஆண்டு எண்ணைப் போடவில்லைதானே? அப்படியானால் மிஞ்சிய கட்டுகளைக் கவலையில்லாமல் எடுத்து வையுங்கள், அடுத்த ஆண்டின் முதல் விற்பனை அவைதாம். எட்டு அசல் படங்களையும் அச்சகத்திலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்காமல் திருப்பித் தரும் வழக்கம் இல்லாதவர்கள்.

இரண்டு பிள்ளைகளின் தாய் எழுதியது:

அம்மா, கட்டு கட்ட ஆள் போதாவிட்டால் சொல்லுங்கள். எனக்கும் ஒரு கட்டு வேண்டும். தொலைவில் இருந்தால் அஞ்சலில் அனுப்ப இயலுமா?

பயணப்பொறுப்பு எழுதியது:

இயலும். உங்களையும் சேர்த்து 241.